‘குழல்வாய் வேகம்’ என்று வைக்கலாம்

வணக்கம் அண்ணே. துப்பாக்கிக் குழலை விட்டு வெளிவரும்போது குண்டுக்கு இருக்கும் வேகத்துக்கு (muzzle velocity) நீங்கள் வைத்த ‘தோட்டாத் திசைவேகம்’ என்ற சொல் எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. பித்தளை உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறப்பது குண்டு மட்டும், உறை அதோடு போகாது. அப்புறம், வேகம் அளக்கும் கருவி இரண்டு உணரிகளைக் குண்டு கடக்க எடுத்த நேரத்தைத்தான் பார்க்கிறது, திசையை அது அளப்பதில்லை, ஆகவே வேகம் என்றாலே போதும்.

ஆனால் எந்த இடத்து வேகம்? சொல் அதைக் காட்ட வேண்டும். குண்டு குழலுக்குள் ஓடும்வரை வாயு பின்னாலிருந்து தள்ளும், வாயைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் அந்தத் தள்ளல் தீர்ந்து காற்றின் தடை மட்டுமே மிஞ்சும். இங்கே பினாங்கில், கார்ன்வாலிஸ் கோட்டையில் 1603இல் வார்த்த ஸ்ரீ ரம்பாய் பீரங்கி இருக்கிறதே, பிள்ளை வரம் வேண்டி அதில் பூ வைப்பார்கள். என் அம்மா அதை ‘பீரங்கி வாயில பூ’ என்றுதான் சொல்வார். வாய் என்ற சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. வெறும் ‘வாய்வேகம்’ என்றால் வாயுவேகம் என்று காதில் விழும், அதனால்தான் குழல்வாய் வேகம்.

நீங்கள் வைத்த ‘குழல் நீளம்’ சரி, ஆனால் எதிலிருந்து அளப்பது என்ற விளக்கம் கட்டாயம் வேண்டும். சுழல்துப்பாக்கியில் (ரிவால்வர்) தோட்டா உட்காரும் அறைகள் பின்னால் சுழலும் உருளையில் இருக்கின்றன, குழல் நீளத்தில் அவை சேரா. தானியங்கிக் கைத்துப்பாக்கியிலோ அறையும் சேர்த்தே அளப்பார்கள். இரண்டிலும் 4 அங்குலம் என்று போட்டிருந்தாலும் குண்டு ஓடும் தூரம் வேறு. .357 மேக்னம் தோட்டாவை 2 அங்குலக் குழலிலும் 4 அங்குலக் குழலிலும் சுட்டால் வேகம் நொடிக்கு 100 அடிக்கு மேலேயே வேறுபடும். அதற்கு மேல் நீட்ட நீட்ட, வாயு விரிந்து அழுத்தம் குறைவதால், ஒவ்வோர் அங்குலமும் தரும் லாபம் சிறுத்துக்கொண்டே போகும்.

உருளைக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை ஒரு சந்து உண்டு, வாயு அதன் வழியாகப் பக்கவாட்டில் பீறிடும், வேகத்தில் கொஞ்சம் அங்கேயே போய்விடும். ‘உருளை இடைவெளி’ என்பதைவிட ‘கசிவுச் சந்து’ என்றால் வேலையும் புரியும். ரஷ்யப் படையின் 1895 நாகாந்த் துப்பாக்கியில் உருளையே முன்னே நகர்ந்து அந்தச் சந்தை அடைக்கும், அதை எழுதும்போதும் இந்தச் சொல் இயல்பாக வரும்.

உருளைக்கு நீங்கள் வைத்த ‘சுழலறை’ என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அறைகள் பல, உருளை ஒன்று.