கான்கிளேவ் என்பதற்குத் தமிழ்: பூட்டறைத் தேர்தல்

அன்பர்களுக்கு வணக்கம்.

புதிய திருத்தந்தையை (போப்பை) வாக்களித்துத் தேர்ந்தெடுக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்நிலைத் தலைவர்களான கர்தினால்கள் கூடுவதே கான்கிளேவ். செய்திகளில் அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நம் கலைச்சொல் குழுவுக்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் "கர்தினால்கள் மாநாடு" என்பதை முதலில் விலக்க வேண்டும் என்று கருதுகிறேன். சென்னைச் செய்தி அறைகளில் அது ஏன் சட்டென்று கைக்கு வருகிறது என்பது விளங்குகிறது. தொழிலதிபர்களும் அரசியல்வாதிகளும் நட்சத்திர விடுதிகளில் கூடிப் பேசுவதற்கும் இப்போது கான்கிளேவ் என்றே பெயர் சூட்டுகிறார்கள். ஆனால் மாநாடு என்றால் மேடை உண்டு, நிருபர்களுக்கு இருக்கையும் உண்டு. வாக்கெடுப்பு நடக்கும் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்திலோ, தொடர்பில்லாத அனைவரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திய பிறகுதான் வாக்கெடுப்பே தொடங்குகிறது. "இரகசியக் கூட்டம்" என்பதில் சதியாலோசனை வாடை அடிக்கிறது.

இலத்தீனில் இச்சொல்லுக்குப் பூட்டக்கூடிய அறை என்பதே பொருள். 1268இல் திருத்தந்தை நான்காம் கிளமென்ட் இறந்தபின் இத்தாலியின் விதெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இழுத்தடித்ததால், பொறுமையிழந்த நகரத்தார் அவர்களை உள்ளே வைத்து அடைத்தார்கள். அவ்வாறு தேர்வான பத்தாம் கிரகோரி, 1274இல் பிரான்சின் லியோனில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில் அந்த அடைப்பையே சட்டமாக்கினார். மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே பதார்த்தம். மேலும் ஐந்து நாள் கழிந்தால் ரொட்டியும் தண்ணீரும் திராட்சை இரசமும் மட்டுமே. (நம் குழுவிலும் சில சொற்களுக்கு இவ்விதியைப் பரிசீலிக்கலாம்.)

"குடவோலை அவை" என்ற பரிந்துரை கவர்ச்சியானது. உத்திரமேரூர்க் கல்வெட்டு நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எனினும் குடவோலை என்பது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் முறை. கர்தினால்களோ ஒருவருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் சேரும்வரை மீண்டும் மீண்டும் எழுதிப் போடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

எனவே "பூட்டறைத் தேர்தல்" என்று முன்மொழிகிறேன். "தேர்வு" என்றால் மாணவர்களை அடைத்து வைத்துப் பரீட்சை எழுதவிட்டது போலத் தொனிக்கும். பூட்டு என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குச் செய்திகளின் அவசரமே காரணம். திருத்தந்தை தேர்வானால் சிற்றாலயப் புகைபோக்கியில் வெண்புகையும், இல்லையேல் கரும்புகையும் எழும். 1958 அக்டோபர் 26இல் வெண்மையாய்த் தெரிந்த புகையை நம்பி வத்திக்கான் வானொலியே புதிய திருத்தந்தை கிடைத்துவிட்டார் என்று அறிவித்தது; இருபத்து மூன்றாம் யோவான் தேர்வானது 28ஆம் தேதிதான். 2013இல் இத்தாலிய ஆயர் பேரவை, தேர்வாகாத கர்தினால் ஸ்கோலாவுக்கு வாழ்த்து அனுப்பியது. 2025 மே 8 அன்று வெண்புகை எழுந்தபோது சென்னையில் இரவு ஒன்பதரை மணி தாண்டியிருந்தது. பதினான்காம் லியோவின் பெயர் வெளியாக ஏறத்தாழ ஒரு மணி நேரமானது. அந்த இடைவெளியில் உள்ளே நடந்ததை அறிந்தவர் வெளியே எவருமில்லை. "பூட்டறை" என்று தட்டச்சு செய்யும் உதவி ஆசிரியர், அடுத்த வரியில் "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன" என்று எழுதச் சற்றேனும் தயங்குவார்.

இச்சொல் நீளமானது என்ற ஆட்சேபம் ஓரளவு சரியே. சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் பூசைக்கு வருவோர் பேச்சில் கான்கிளேவ் என்றே சொல்லட்டும். திரையின் அடியில் ஓடும் வரிக்குப் "பூட்டறை" மட்டும் போதும்: "பூட்டறை முதல் நாள்: கரும்புகை". வாக்களிப்போரை "வாக்குரிமைக் கர்தினால்கள்" எனலாம். முன்னதாக நடைபெறும் கலந்துரையாடல்களுக்கு வாக்குரிமையில்லாத, எண்பது வயதைக் கடந்த கர்தினால்களும் வரலாம் என்பதால், அவற்றைப் "பொது அமர்வுகள்" என்று தனியே குறிக்க வேண்டும்.