பொருள்: ‘கேம் ஷோ ஹோஸ்ட்’ தமிழில் எப்படி? (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.

ஒளிபரப்பு வரலாற்றுப் பாடத்துக்கு, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் விளையாட்டு நிகழ்ச்சிகள் நடத்திய புரூஸ் ஃபோர்சைத் பற்றி ஒரு பகுதி எழுதுகிறேன். நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். 1942-இல், 14 வயதில் மேடையேறியவர். 1958-இல் லண்டன் பலேடியம் அரங்கின் ஞாயிறு இரவு நிகழ்ச்சி கைக்கு வந்ததும் நாடறிந்தவர் ஆனார். 1971-இல் பிபிசியின் ‘ஜெனரேஷன் கேம்’. அப்பா-மகள், அம்மா-மகன் என்று இரண்டிரண்டு பேராக வந்து, ஒரு நிபுணர் செய்துகாட்டும் வேலையைத் தாங்களும் செய்து சொதப்புவார்கள். கடைசியில் கன்வேயர் பெல்ட்டில் பரிசுப் பொருட்கள் வரிசையாக நகரும். நினைவில் வைத்துச் சொன்னவையெல்லாம் வென்றவருக்கு.

இவரை ‘தொகுப்பாளர்’ என்று எழுதக் கை வரவில்லை. அவர் எதையும் தொகுக்கவில்லையே. மனிதர்களைச் சீண்டிச் சிரிக்கவைப்பதுதான் அவர் வேலை.
— ந.

ந. அவர்களுக்கு,
நடத்துபவர் நடத்துநர். இதில் என்ன குழப்பம்?
— செ.

செ. ஐயா, நடத்துநர் என்றால் என் மாணவர்கள் டிக்கெட் கேட்பார்கள்.
— ந.

இலங்கை வானொலிக் காலந்தொட்டு எங்களுக்கு ‘அறிவிப்பாளர்’தான். யாருக்கும் விளங்காமல் போனதில்லை.
— த.

த. சொல்வது செய்திக்குச் சரி, கோமாளித்தனத்துக்குப் போதாது. நம் தெருக்கூத்தில் இந்த வேலைக்கு ஆள் இருக்கிறார்: கட்டியங்காரன். முதலில் வருபவர் அவர்தான். வேடம் கட்டி வருபவரை நிறுத்தி ‘நீங்கள் யார், எங்கே வந்தீர்கள்’ என்று கேட்பார், கிண்டலடிப்பார், நடுவே சபையோடும் ஊர்வம்பு பேசுவார். ஃபோர்சைத் செய்தது வேறென்ன? பலேடியம் நிகழ்ச்சிக்குள்ளேயே ‘பீட் த க்ளாக்’ என்று ஒரு சின்ன விளையாட்டு. சபையிலிருந்து வந்த சாதாரண ஆட்களிடம் வாய்கொடுத்து அங்கேதான் அவர் தேறினார். ‘கட்டியங்காரர்’ என்று மரியாதை விகுதி போட்டுக்கொள்ளுங்கள்.
— இரா.

சீவக சிந்தாமணி படித்தவர்கள் குழுவில் யாருமே இல்லையா? கட்டியங்காரன் மன்னன் சச்சந்தனைக் கொன்று அரசைப் பிடித்த அமைச்சன்! 2011-இல் அரசியார் கையால் சர் பட்டம் வாங்கியவருக்கு இந்தப் பெயரா?
— செ.

அது ஆள் பெயர், இது தொழில் பெயர். கட்டியம் கூறுதல் என்றால் அரசன் வருகையைப் புகழ்ந்து அறிவிப்பது. எனக்கு இன்னொரு ஐயமும் உண்டு: சங்கப் பாட்டின் கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி சொல்வாள். அந்தக் ‘கட்டு’தான் கட்டியத்திலும் இருக்கிறதோ? 1980-இல் ஃபோர்சைத் தொடங்கிய சீட்டாட்ட நிகழ்ச்சியிலும் அடுத்த சீட்டு பெரிதா சிறிதா என்று குறிதானே பார்த்தார்கள்!
— இரா.

இரா., அது ஐயமில்லை, ஆசை.
— த.

அப்புறம், ஃபோர்சைத்தின் ‘நைஸ் டு சீ யூ, டு சீ யூ நைஸ்’. கடைசிச் சொல்லைச் சபைக்கு விட்டுவிடுவார், அவர்கள் கத்துவார்கள். இது, செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகளில் சொல்வார்களே, பூட்டுவிற் பொருள்கோள், அது அல்லவா?
— மு.

இல்லை மு., பூட்டுவில்லில் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் பொருளால் சேர வேண்டும். இங்கே தொடங்கிய சொல்லே முடிவிலும் வருகிறது. மண்டலித்தல் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.
— செ.

ஐயாமாரே, எனக்கு இன்னும் ஒரு நாள்தான்.
— ந.

சரி, ‘தொகுப்பாளர்’ என்றே போடுங்கள். டிவி பார்க்கிற எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும், பொருள் பொருந்தாவிட்டால் என்ன. ‘தொலைபேசி’ கூடத்தான் தானாகப் பேசுவதில்லை.
— மு.

எனக்கும் சம்மதம், மனமில்லாமல்.
— த.

எனக்குச் சம்மதமில்லை. பதிவு செய்துகொள்ளுங்கள்.
— இரா.

நன்றி. தொகுப்பாளர் என்றே அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘கூத்துக் கட்டியங்காரரைப் போல’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறேன். கன்வேயர் பெல்ட்டுக்கு ‘கடத்துபட்டை’.
— ந.

கடத்தலா? பரிசுப் பொருளையா?
— செ.