இணையத்தில் நீங்கள் எழுதிய பதிவு எப்போதாவது காணாமல் போயிருக்கிறதா?

கறுப்புமை:
நானே முந்திக்கொள்கிறேன். ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் பதுங்கியிருந்த நிபந்தனை ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். அதிலிருந்து மூன்று வரிகளை மேற்கோள் காட்டியதுதான் வினையாயிற்று. ஒரு நாள் காலையில் பார்த்தால் கட்டுரை இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி: "பதிப்புரிமைப் புகாரின்பேரில் நீக்கப்பட்டது." நான் எழுதியது பொய் என்று அவர்கள் சொல்லவே இல்லை. அந்த மூன்று வரிகள் தங்கள் சொத்து என்றார்கள். அவதூறு வழக்கென்றால் நீதிமன்றப் படியேற வேண்டும். பதிப்புரிமை என்றால் ஒரு படிவம் போதும்.

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டம் தந்த வசதி இது. புகார் வந்தவுடன் பதிவை எடுத்துவிட்டால் தளத்துக்குப் பொறுப்பில்லை. பிறகு யார் பக்கம் நியாயம் என்று எந்தத் தளம் விசாரித்துக்கொண்டு நிற்கும்? அதே சட்டத்தில் எதிர் அறிவிப்புக்கும் இடமுண்டு. அதை அனுப்பினால், புகார் கொடுத்தவர் வழக்குத் தொடுக்காதவரை 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவைத் திரும்ப வைக்க வேண்டும். ஆகா என்று படிவத்தைத் திறந்தேன். உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கேட்டது; நகல் நேரே புகார்தாரர் கைக்குப் போகுமாம். நானோ புனைபெயரில் எழுதுகிறவன். இரண்டு இரவுகள் அந்தப் படிவத்தைத் திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்தன. கடைசியில் அனுப்பிவிட்டேன். பதினோராவது வேலை நாளில் கட்டுரை திரும்பி வந்தது. அதைப் படித்திருக்க வேண்டியவர்களில் எத்தனை பேர் அதற்குள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்களோ!

பழைய காவல்காரி:
நான் மறுபக்கம் நின்றவள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில் மட்டுறுத்துநராக, அதாவது பதிவுகளைக் கண்காணிப்பவளாக இருந்தேன். ஆபாசத்தைத் தடுக்க வைத்திருந்த தானியங்கி வடிகட்டி, "மார்பகம்" என்ற சொல்லைக் கண்டாலே பதிவை விழுங்கிவிடும். கட்டி ஒன்று தட்டுப்படுகிறது, யாரிடம் போகலாம் என்று ஒரு பெண் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி ஆறு நாட்கள் எங்கள் கண்ணிலேயே படவில்லை. பிறகு எல்லோரும் எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்து "மா.ர்.ப.க.ம்" என்று எழுதப் பழகினார்கள். சொந்த உடம்பின் பெயரைக் கள்ளச்சரக்குபோலக் கடத்தினார்கள்!

இது பழைய நோய். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். ஊர்ப் பெயரின் நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக அமைந்துவிட்டனவாம். உரிமை அமைப்புகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட சான்டா கிளாரா கோட்பாடுகள் தளங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை: எத்தனை நீக்கினாய் என்று சொல், ஏன் என்று உரியவருக்குத் தெரிவி, மேல்முறையீட்டுக்கு வழி விடு. எங்கள் வடிகட்டி இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்ததில்லை.

ஓரத்தில் நிற்பவன்:
சகோதரி சொல்வது சரிதான். ஆனால் என் தோழியின் வாயை அடைத்தது வடிகட்டி இல்லை, கூட்டம். வேலையிடத்தில் தனக்கு நேர்ந்த தொல்லையைப் பெயர் எதுவும் குறிப்பிடாமல் எழுதினாள். ஒரே இரவில் ஆள் சேர்த்துக்கொண்டு புகார்ப் பொத்தானை அழுத்தினார்கள். விடிவதற்குள் கணக்கு முடங்கியது. நான்கு நாட்கள் கழித்து, தவறு நடந்துவிட்டது என்று ஒரு வரி மின்னஞ்சலோடு கணக்கைத் திருப்பித் தந்தார்கள். பதிவும் பத்திரமாகத்தான் இருந்தது. அவளே அழித்துவிட்டாள். இப்போது பூச்செடிப் படங்கள் மட்டும் போடுகிறாள்.

கறுப்புமை:
அவரிடம் நகல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எழுதியதை முதலில் நம் கணினியில் சேமித்துவிட்டுத்தான் நான் இப்போதெல்லாம் வெளியிடுகிறேன்.

ஓரத்தில் நிற்பவன்:
கேட்டேன். கைபேசியில் வைத்திருக்கிறாளாம். எனக்குக்கூட அனுப்பமாட்டேன் என்கிறாள்.