மோன்பெலியேயிலிருந்து ஒரு நாள்: லா கூவெர்த்துவாராட் கோட்டை ஊருக்குப் போகலாமா?

அடையாறு வாசகி:
தென் பிரான்சின் மோன்பெலியே நகரில் படிக்கும் மகளைப் பார்க்க மே மாதம் செல்கிறேன். ஒரே நாளில் போய்வரக்கூடிய இடமாக, டெம்ப்ளர் வீரத்துறவிகள் மதில் எழுப்பிய லா கூவெர்த்துவாராட் என்ற சிற்றூரை அவள் சொல்கிறாள். மதில்களுக்குப் பெயர்பெற்ற கர்கசோன் நகரை விட்டுவிட்டு அங்கே போவது தகுமா? எனக்கு முழங்கால் வலி உண்டு.

மாம்பலம் வாசகர்:
தாராளமாகப் போங்கள் அம்மா. செஞ்சிக்குப் போனாலும் கோட்டையைவிடக் குளங்களையே அதிக நேரம் பார்ப்பவன் நான். அதனால் இந்த ஊர் என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த ஊர் இருக்கும் லார்சாக் பீடபூமி முழுவதும் சுண்ணாம்புப் பாறை என்பதால், பெய்யும் மழை தங்காமல் நிலத்துக்குள் இறங்கிவிடும். ஊரில் ஆறோ ஓடையோ கிடையாது. ஆகவே மதிலுக்கு வெளியே, ஆடுகள் வழுக்காமல் இறங்கிக் குடிப்பதற்கு ஏற்ற சரிவோடு, கல் பாவிய வட்டக் குட்டை ஒன்றை அமைத்திருக்கிறார்கள். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குப் பால் தருபவற்றில் அந்தப் பீடபூமியின் ஆடுகளும் உண்டு. உத்தரத்துக்கு மரம் அரிது என்பதால் வீடுகளின் கீழ்த்தளம் கல் வளைவுகளால் ஆனது. அது ஆட்டுத் தொழுவம், மனிதர் வாழ்ந்தது மாடியில். கதவுகளில் சூரியனைப் போல விரிந்த காய்ந்த முட்பூ ஒன்றை அறைந்திருப்பார்கள், தவறாமல் பாருங்கள். காற்றில் ஈரம் ஏறினால் அது மூடிக்கொள்ளும். அதைப் பார்த்தே மழை வருமா என்று கணித்தார்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்:
ஒரு திருத்தம். டெம்ப்ளர்கள் கட்டியது உள்ளே பாறைமேல் நிற்கும் கோட்டையை மட்டுமே. 1307 அக்டோபர் 13 அன்று பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் அவர்களைக் கைது செய்வித்தார். 1312இல் போப் ஐந்தாம் கிளெமெண்ட் அச்சபையைக் கலைத்து, உடைமைகளை ஹாஸ்பிடலர் என்ற மற்றொரு வீரத்துறவிகள் சபையிடம் ஒப்படைத்தார். பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போர்க்காலத்தில் கூலிப்படைகள் ஊர் ஊராகக் கொள்ளையடித்துத் திரிந்ததால், 15ஆம் நூற்றாண்டில் இன்று நாம் காணும் மதிலையும் கோபுரங்களையும் எழுப்பியவர்கள் ஹாஸ்பிடலர்களே. சுற்றுலா விளம்பரங்கள் டெம்ப்ளர் பெயரையே முன்னிறுத்துவதால் மதிலைக் கட்டியவர்கள் மறக்கப்படுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கர்கசோனின் மதில்களோ 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துக் தலைமையில் பெருமளவு சீரமைக்கப்பட்டவை.

அடையாறு வாசகி:
இருவருக்கும் நன்றி. மகளிடம் இந்த ஊரையே உறுதி செய்யச் சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு என்ன செய்வது?

மாம்பலம் வாசகர்:
ஊர் சிறியது, ஆனால் தெருக்களில் பாறையும் கரடுமுரடான கல்லும்தான். நல்ல பிடிப்புள்ள காலணியும் ஒரு கைத்தடியும் கொண்டுபோங்கள். மதில்மேல் ஏற முடியாவிட்டாலும் கவலை வேண்டாம். அந்தக் குட்டையின் கரையிலிருந்தே மதிலையும் பார்க்கலாம்.