வன்னிக்கு சமூக விஞ்ஞான பீடம் தேவையில்லையாம்!

கரைச்சிப் பெடியன்: மேல ஒருத்தர் "வன்னிக்குத் தனியா சமூக விஞ்ஞான பீடம் தேவையில்லை, வெளியில இருந்து வந்து செய்யிற ஆய்வே காணும்" எண்டு எழுதியிருக்கிறார், வாசிக்கப் பத்திக்கொண்டு வருது. போன வருசம் எங்கட ஒழுங்கைக்கு வினாக்கொத்தோட வந்தவை. திருமணமானவர், ஆகாதவர், விதவை, பிரிந்தவர், நாலே நாலு பெட்டி. எங்கட பெரியம்மா யுத்தம் முடிஞ்ச 2009 மேயில இருந்து காணாமல்போன புருசனைத் தேடுறா, அவ எதில புள்ளடி போடுறது? வந்த பிள்ளை தானே விதவைக்குப் போட்டுட்டுப் போட்டுது. இதுவோ ஆய்வு?

திருநெல்வேலியான்: தம்பி, ஒரு பெட்டிய வச்சு எல்லா ஆய்வையும் கழுவி ஊத்தாதேங்கோ. யாழ்ப்பாணக் கலைப்பீடத்தில சமூகவியல், புவியியல், பொருளியல் எல்லாம் இருக்கு, உங்கட பிள்ளையளும் அங்கதானே படிக்கினம்.

கரைச்சிப் பெடியன்: படிக்கினம், ஆர் இல்லையெண்டது? நான் கேட்டது எந்தப் பெட்டி எண்டு. 2017 பெப்ரவரி 20ல இருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தோட போராட்டம் இருந்தவை, நாடே பாத்தது. வினாக்கொத்து எழுதினவருக்கு மட்டும் தெரியாதோ?

மாங்குளத்தார்: பெட்டி பெட்டியெண்டு ஏன் கத்துறியள்? ஆர்ட்ஸ் படிச்ச பட்டதாரியள் ஏற்கனவே கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசல்ல வேலை கேட்டு நிக்கினம், இன்னுமொரு பீடம் துறந்து அந்த வரிசைய நீட்டப் போறியளோ?

கரைச்சிப் பெடியன்: அண்ணை, கிளிநொச்சி அறிவியல் நகர்ல யாழ் பல்கலைக்கழகத்தின்ர விவசாயம், பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கு. வவுனியா 2021ல தனிப் பல்கலைக்கழகமாகேக்க பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கை, தொழில்நுட்பக் கற்கை எண்டு மூண்டு பீடம். நெல்லுக்கு ஆய்வு இருக்கு, பாலத்துக்கு இருக்கு. நுண்கடன் கட்டேலாமல் நகையை அடகு வச்ச பொம்பிளையள், இரணைமடுக் குளத்துத் தண்ணிக்காகச் சண்டை பிடிச்ச கமக்காரர், இவையளப் பற்றி இஞ்சையே இருந்து வருசக்கணக்கா ஆராயிற ஒரு லெக்சரர் வேணும். அப்பிடி ஒருத்தர் இருந்தா அந்த நாலு பெட்டி வினாக்கொத்து வந்திருக்குமோ?

வவுனியாக்காரி: உங்களுக்கு வவுனியா 2021லதான் ஞாபகம் வரும். 1991லயே இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1997ல யாழ் பல்கலைக்கழகத்தின்ர வளாகம். பீடம் வாறதெண்டா எங்களுக்குத்தான் முதல் வரவேணும், கிளிநொச்சிக்கு இல்லை.

கரைச்சிப் பெடியன்: ஏன், ஏ9 கிளிநொச்சியில நிக்காதோ? யுத்தம் கடைசியா மிதிச்சது ஆரை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கதைக்கிறியளோ?

வவுனியாக்காரி: யுத்தத்தில இடம்பெயர்ந்து வந்தவை இருந்த எங்கட செட்டிகுளத்து முகாமுக்குச் சோத்துப்பார்சல் கட்டிக் குடுத்தது ஆராம்?

திருநெல்வேலியான்: இரணைமடு எண்டு வாய் துறந்ததும் விளங்கீட்டுது. யாழ்ப்பாணத்துக்கு அந்தக் குளத்தில குடிக்கத் தண்ணி கேட்டதுக்கு இண்டைக்கும் எங்களில கறள்.

கரைச்சிப் பெடியன்: கறளோ? சிறுபோக நெல்லுக்கே தண்ணி காணாத குளம் அண்ணை அது. உங்களுக்குத்தான் தாளையடியில கடல்தண்ணிய நன்னீராக்கிறாங்களே, குடியுங்கோ. பெட்டிக்கு மட்டும் ஒருத்தரும் வாய் துறக்கிறியளில்லை.

திருநெல்வேலியான்: முதல்ல மரியாதையாக் கதைக்கப் பழகும் தம்பி, பிறகு பீடம் கேக்கலாம்.