பாதை புதிது, நேரம் மட்டும் ஏன் பழையது? கொழும்பு – காங்கேசன்துறை ரயில்

கொக்குவில்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் புதுத் தண்டவாளம் போட்டு முடிந்தது 2015 ஜனவரியில். நடுவில் கிடந்த மாகோ – ஓமந்தைத் துண்டையும், 128 கிலோமீற்றர், பாதையை மூடி வைத்துத் திருத்தினார்கள். முதலில் அனுராதபுரம் – ஓமந்தை 2023இல், பிறகு மாகோ – அனுராதபுரம் 2024இல், ஒக்டோபரில்தான் திரும்பவும் நேராகக் கொழும்புக்கு ரயில் ஓடியது. செலவு 91.27 மில்லியன் டொலர், இந்தியக் கடன். 2025 ஏப்ரலில் மோடி அனுராதபுரத்துக்கு வந்து திறந்தும் வைத்துவிட்டுப் போனார். இனி மணிக்கு 100 கி.மீ. என்று பேப்பரெல்லாம் எழுதின.

சரி, கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கி.மீ., 100இல் ஓடினால் நாலு மணித்தியாலம். ஆனால் நல்ல ரயிலே ஆறு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது, யாழ்தேவி அதைவிடவும் கூட. மிச்ச நேரம் எங்கே போகிறது? இன்னொன்று, மாகோ – அனுராதபுரம் சமிக்ஞைக்கு என்று தனியாக 14.89 மில்லியன் டொலர் ஒதுக்கியிருக்கிறார்கள். தண்டவாளம் நன்றாக இருந்தால் சிக்னலை ஏன் மாற்ற வேண்டும்? வேலை தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது. யார் கடன் தந்தது, யார் வாங்கினது என்ற சண்டை வேண்டாம், அதற்கு வேறு இழைகள் நிறையக் கிடக்கின்றன.

மதவாச்சிச் சந்தி:
தம்பி, 400ஐ 100ஆல் பிரிக்கிற இடத்திலேயே சிக்கல் இருக்கிறது. 100 என்பது அந்தப் பாதை தாங்கக்கூடிய உச்சம், அது ரயில் ஓடுகிற சராசரி அல்ல. முழுப் பாதையையும் நாலு துண்டாக வைத்துப் பாருங்கள். கோட்டை – பொல்காவலை 73 கி.மீ. அளவு, இரட்டைப் பாதை, ஆனால் கண்டி, பதுளை ரயில்களும் காலையிலும் மாலையிலும் அலுவலக ரயில்களும் அதே தண்டவாளத்தில்தான், றாகமையில் புத்தளம் லைனும் வந்து சேருகிறது. பொல்காவலை – மாகோ 65 கி.மீ. அளவு, ஒற்றைப் பாதை, மட்டக்களப்பு ரயிலும் திருகோணமலை ரயிலும் நம்மோடு சேர்ந்து நெரிபடுகிற துண்டு. பிறகு மாகோ – ஓமந்தை 128, அதற்கப்பால் காங்கேசன்துறை வரை 146 அளவு. நீங்கள் சொல்கிற திருத்த வேலையெல்லாம் கடைசி இரண்டு துண்டுகளில்தான் நடந்தது. முதல் இரண்டும் அப்படியே கிடக்கின்றன.

இனிக் கணக்கு. 60இல் ஓடினால் ஒரு கிலோமீற்றருக்கு 60 செக்கன், 100இல் 36 செக்கன். 128 கி.மீ. முழுவதும் நிற்காமல் 60இல் போனால் 128 நிமிடம், 100இல் போனால் 77 நிமிடம். ஆக அந்தத் துண்டில் எல்லாம் சரியாக நடந்தாலும் மிச்சம் பிடிக்கக்கூடியது 50 நிமிடம் சொச்சம். அதிலும் ரயில் நின்று எடுக்கிற ஒவ்வொரு நிலையத்திலும் கொஞ்சம் போய்விடும். நீளமான ரயிலை ஒரு டீசல் என்ஜின் இழுத்து 100க்குக் கொண்டு வரவே சில கிலோமீற்றர் வேண்டும், அதற்குள் அடுத்த ஸ்ரேசன் வந்துவிடும். எல்லா இடத்திலும் நிற்கிற ரயிலுக்குப் பாதையின் உச்ச வேகம் 80 என்றாலும் 120 என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதைவிட நேரத்தைத் தின்பது வேகத்தடை. ஒரு பழைய பாலம், சல்லிக்கல் கரைந்து போன ஒரு மேடு, வேலை நடக்கிற ஒரு இடம், அங்கே 20இல் போ என்று பலகை நட்டிருப்பார்கள். ஒரே ஒரு கிலோமீற்றர்தான், ஆனால் 36 செக்கனில் தாண்ட வேண்டியதை 3 நிமிடத்தில் தாண்டுகிறது. போதாததற்கு, முன்னாலேயே பிரேக் பிடிக்க வேண்டும், ரயிலின் கடைசிப் பெட்டி அந்த இடத்தைத் தாண்டும் வரை வேகம் கூட்ட முடியாது, அப்புறம் முதலிலிருந்து இழுத்து எடுக்க வேண்டும். இப்படி ஐந்து ஆறு இடம் இருந்தால் இருபது இருபத்தைந்து நிமிடம் ஒன்றும் தெரியாமல் போய்விடும். 90ஐ 100 ஆக்குவதற்குச் செலவழிப்பதை விட 20ஐ 60 ஆக்குவதற்குச் செலவழிப்பதுதான் புத்தி என்பது என் கருத்து, நூறு கிலோமீற்றருக்கு 90ஐ 100 ஆக்கினால் ஏழு நிமிடம்கூட மிஞ்சாது. ஆனால் இருபதை அறுபதாக்கினோம் என்று சொல்லி யாரும் நாடா வெட்ட முடியாதே.

பளைப் பனங்கூடல்:
//யாரும் நாடா வெட்ட முடியாதே// 😄 அது சத்தியம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஓமந்தைக்கு வடக்கே ஓட்டம் நல்ல ஓட்டம்தான். 1990க்குப் பிறகு அங்கே தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை, எல்லாம் பங்கருக்குப் போய்விட்டது. அதனால் திருத்த ஒன்றும் இருக்கவில்லை, மண்மேடு தொடங்கி முழுதாகப் புதிதாகக் கட்ட வேண்டி வந்தது, அந்த விதத்தில் பாதை நேர்த்தியாக அமைந்தது. மாகோ – ஓமந்தை அப்படியல்ல, 1905இல் யாழ்ப்பாணத்துக்கு முழுப்பாதை திறந்த காலத்து மேட்டின் மேல்தான் இப்பவும் ஓடுகிறது.

வவுனியா வடக்கு:
சிக்னல் பற்றிக் கேட்டதற்கு நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். எதிரே ஒன்று வந்துவிட்டால் கதை முடிந்தது. இதை உறுதிப்படுத்தப் பழைய முறை டேப்லெட். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும், இரண்டும் கம்பி வழியாக இணைந்தவை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை வெளியே எடுத்துவிட்டால், அது திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும் வரை இரண்டிலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. அந்த வில்லை கையில் இருக்கிற சாரதிதான் போகலாம். வளையத்தில் கோத்து நிலையத்தில் நீட்டுவார்கள், ஓடுகிற ரயிலில் இருந்து எட்டிப் பிடிப்பார்கள், மலைநாட்டுப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மிகப் பாதுகாப்பான ஏற்பாடு, நூறு வருசத்துக்கு மேல் உலகம் முழுக்க ஓடியது. ஆனால் நிற்காத ரயில்கூட ஒவ்வொரு நிலையத்திலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். 100இல் போகிற ரயிலில் இருந்து வளையத்தை யாராவது கையால் எட்டிப் பிடிப்பார்களா? ஆக, தண்டவாளத்தை மட்டும் 100க்கு ஏற்றிவிட்டு இந்த முறையை வைத்திருந்தால் நிலையத்துக்கு நிலையம் வேகம் விழும், எழும்பும், விழும்.

நிற லைற் சமிக்ஞை வந்தால் அந்த வேலையைத் தண்டவாளத்தில் உள்ள மின்சுற்றோ சில்லுகளை எண்ணுகிற கருவியோ செய்துவிடும். துண்டு காலியா இல்லையா என்று நிலைய அதிபரின் பலகையிலேயே தெரியும், தண்டவாள மாற்றிகளை மோட்டார் திருப்பும், எதிரெதிர் ரயில்களுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழவே விழாது. அனுராதபுரத்திலிருந்து காங்கேசன்துறை வரைக்கும், தலைமன்னார்ப் பாதைக்கும், இது முன்னமே இர்கொன் என்ற இந்திய அரச ரயில் கட்டுமான நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வந்துவிட்டது. தெற்கே மாகோ வரையில் விடுபட்டிருந்தது. அந்த 14.89 மில்லியன் இதற்குத்தான். 2025 ஏப்ரலில் பாதையைத் திறந்த அன்றைக்கு இதற்கு வேலை தொடக்கம் மட்டும்தான் செய்தார்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

இனிக் குறுக்கீடு. எதிரெதிரே வருகிற இரண்டு ரயில் சந்திக்க வேண்டும் என்றால் ஒன்று நிலையத்துப் பக்கப் பாதைக்குள் ஒதுங்க வேண்டும். ஒதுங்கும்போது வேகம் மிகக் குறைவு, நின்று மற்றது போகும் வரை பார்த்திருக்க வேண்டும், பிறகு கிளம்ப வேண்டும். எல்லாம் நேரத்துக்கு நடந்தாலே ஒரு குறுக்கீட்டுக்குப் பத்து நிமிடம் இலகுவில் போகும். ஒரு ரயில் இருபது நிமிடம் பிந்தினால் எதிரே வருகிறதும் இருபது நிமிடம் பிந்தும், அது அடுத்த நிலையத்தில் சந்திக்க வேண்டியதும் பிந்தும். காலையில் குருநாகலில் நடந்த தாமதத்துக்கு மத்தியானம் கொடிகாமத்தில் காத்திருப்பது இப்படித்தான். பெரும்பாலும் நேர அட்டவணையைப் போடுகிறவர்கள் இதற்காகவே சில நிமிடங்களை அங்கங்கே ஒளித்து வைப்பார்கள், அதனால் பாதை திருந்திய அடுத்த நாளே அட்டவணை குறையாது.

கொக்குவில்காரன்:
நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் பொல்காவலையில் இருந்து முழுக்க இரட்டைப் பாதை போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும், இல்லையா?

மதவாச்சிச் சந்தி:
தீரும், ஆனால் காசு எங்கே? ஓமந்தைக்கு வடக்கே ஒரு நாளைக்கு ஓடுகிற ரயில்களின் எண்ணிக்கைக்கு இரட்டைப் பாதை என்பது வீண். எல்லா ரயிலும் நெருக்குகிற பொல்காவலை – மாகோவில் மட்டும் போட்டாலே பாதிப் பிரச்சினை குறையும். அதற்கும் முடியாவிட்டால் பக்கப் பாதைகளை நீட்டி, மாற்றிகளை வேகமாகக் கடக்கக்கூடியதாக மாற்றினாலே ஒவ்வொரு குறுக்கீட்டிலும் சில நிமிடம் மிஞ்சும். செலவும் இரட்டைப் பாதையை விடக் குறைவு.

நாவற்குழி வெளி:
எல்லாரும் நிமிடக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். வீதி தண்டவாளத்தைக் குறுக்கறுக்கிற கடவைகளை ஒருவரும் பேசவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு 24 வருசம் ரயில் இல்லை. அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்து கலியாணம் கட்டினவர்களுக்கு ரயில் என்றால் என்னவென்றே தெரியாது. தண்டவாளம் கிடந்த மேட்டைக் குறுக்கறுத்து ஒழுங்கைகள் வந்தன, வீடுகள் வந்தன. 2013இலும் 2014இலும் ரயில் திரும்பி வந்தபோது அந்த ஒழுங்கை எல்லாம் பாதுகாப்பற்ற கடவை ஆகிவிட்டது. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், கிளிநொச்சியில், சாவகச்சேரிப் பக்கத்தில் எத்தனை மரணச் சடங்கு.

100இல் வருகிற ரயில் ஒரு செக்கனுக்கு 28 மீற்றர் ஓடுகிறது. மணி அடித்து 40 செக்கனில் ரயில் கடவைக்கு வரும் என்று அமைத்தால், 60இல் ஓடுகிற பாதைக்கு மணியைத் தூண்டுகிற இடம் 670 மீற்றருக்கு முன்னால் இருந்தால் போதும். 100 ஆனால் 1100 மீற்றருக்குத் தள்ள வேண்டும். தள்ளாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் மணி அடித்து 24 செக்கனில் ரயில் மேலே நிற்கும். உழவு இயந்திரம் பெட்டியோடு கடக்க அது போதாது. பிரேக் விசயம் அதைவிட மோசம், 60இல் நிற்பதற்கு எடுக்கிற தூரத்தைப் போல 100இல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேண்டும், சாரதி கண்டுவிட்டார் என்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

அதனால் என்னைக் கேட்டால் ஊருக்குள்ளே 100 வேண்டாம். கடவைக்குக் கேற்றும் ஆளும் போட்டுவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். அந்தக் காப்பாளர்களுக்கு நிரந்தர வேலையும் ஒழுங்கான சம்பளமும் கொடுக்காமல் வருசக் கணக்காக இழுத்தடிப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வவுனியா வடக்கு:
நாவற்குழி அண்ணை சொன்னதில் கடவை விசயம் முழுக்கச் சரி. ஆனால் ஊருக்குள்ளே வேகம் குறைத்தால் நேரம் அதிகம் போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மீசாலை, கொடிகாமம், சாவகச்சேரி என்று நிலையங்கள் கிட்டக் கிட்ட இருக்கிற இடம், நிற்கிற ரயில் எப்படியும் அங்கே 100 தொடாது. 100 பிடிக்க ஏற்ற இடம் ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் நடுவிலும் அனுராதபுரத்துக்குத் தெற்கேயும்தான்.

அங்கேயும் இரவில் யானை. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்பு ரயில் கூட்டத்துக்குள் மோதி ஆறு யானை செத்தது, ரயிலும் தடம் புரண்டது. நம்முடைய பாதை அல்ல, ஆனால் தலைமன்னார்ப் பாதையில் செட்டிகுளத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. பாதை எவ்வளவு நல்லதென்றாலும் காட்டுத் துண்டுகளில் இரவு ரயிலுக்கு வேகம் குறைத்தே ஆக வேண்டும்.

பளைப் பனங்கூடல்:
அப்ப இரவு ரயிலில் வேகம் கேட்கவே தேவையில்லை. பின்னேரம் ஏறி விடிய இறங்குகிற சனத்துக்கு நாலு மணித்தியாலத்தில் கொண்டுபோய் நடுச்சாமத்தில் கோட்டையில் இறக்கிவிட்டால் யாருக்கு லாபம்? ஏ9 வீதியில் சொகுசு பஸ்ஸோடு போட்டி போட வேண்டியது பகல் ரயில்தான்.

கொக்குவில்காரன்:
அது நியாயம். சரி, கடைசியாக ஒன்று: சிக்னல் வேலை மாகோ வரைக்கும் முடிந்த பிறகு பகல் இன்டர்சிட்டிக்கு எவ்வளவு குறையும் என்று நினைக்கிறீர்கள்?

மதவாச்சிச் சந்தி:
வேகத்தடைகளையும் எடுத்து, குறுக்கீடுகளில் இன்டர்சிட்டிக்கு முதலிடம் கொடுத்து ஓட்டினால் ஐந்தரைக்கு வரும் என்பது என் ஊகம். நாலு வராது. பொல்காவலைக்குத் தெற்கே கை வைக்காமல் ஐந்தும் வராது.