80 பேருக்குக் காலை டிபன்: கேட்டில் நின்ற பொங்கல்

சோழிங்கநல்லூர், அட்மின் வேலை

ஆயுத பூஜை விடுமுறை என்பதால் முந்தின நாளே ஆபீசில் பூஜை வைப்போம். போன வருடம் பூஜை முடிந்ததும் எல்லோருக்கும் டிபன் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். 80 பேர். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு சைவ ஹோட்டலில் சொன்னேன், பெயர் வேண்டாம். ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு மெதுவடை, வெண்பொங்கல், கேசரி, சாம்பார், இரண்டு சட்னி, ஃபில்டர் காபி. எட்டு மணிக்கு மேசையில் இருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன்.

வண்டி 7.40-க்கே வந்துவிட்டது. ஆனால் நான் கேட் பாஸுக்குக் கொடுத்த நம்பர் ஒன்று, வந்த வண்டியின் நம்பர் வேறு. அந்த வண்டி பஞ்சராம், மாற்றி அனுப்பிவிட்டார்களாம். எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம் இல்லையா? செக்யூரிட்டி சூப்பர்வைசர் அசையவில்லை. "மெயில் வரட்டும் மேடம்" என்பதோடு சரி. மெயில் போட வேண்டிய ஃபெசிலிட்டி மேனேஜர் மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கிறார். முப்பத்தைந்து நிமிஷம் போனது. அப்புறம் சாதா லிஃப்டில் சாப்பாடு ஏற்றக் கூடாது, சர்வீஸ் லிஃப்டில் குப்பை இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறாவது மாடிக்கு வந்து மூடியைத் திறந்தபோது மணி 8.45. பொங்கலில் கரண்டியை நட்டால் நட்டபடி நின்றது. வடை ஹாட் பாக்ஸுக்குள்ளேயே வியர்த்து, தயிர் ஊற்றாத தயிர்வடையாகிவிட்டிருந்தது. சாம்பாரும் கேசரியும்தான் மானத்தைக் காப்பாற்றின. ஜனவரியில் பொங்கல் விழா இருக்கிறது, திரும்பவும் என் தலையில்தான். நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வடபழனி, பதினோரு வருஷம் ஹோட்டல் கேட்டரிங்கில் இருந்தவன்

தங்கச்சி, கேட் பாஸ் கதையில் தப்பு முழுக்க ஹோட்டல் பக்கம்தான். ஆனால் வடை விஷயம் நேரத்தால் மட்டும் கெட்டதில்லை. எட்டு மணி ஆர்டருக்கு வடை ஐந்து, ஐந்தரைக்கே எண்ணெயிலிருந்து எடுத்தாகிவிடும். ஒரே வண்டியில் மூன்று, நாலு ஆபீஸ் ஆர்டர் போகும். சூட்டோடு மூடி வைத்தால் அதன் ஆவி அதற்கே எமன். அடுத்த தடவை, "வடையை ஹாட் பாக்ஸில் போடாதீங்க, கூடையில் பேப்பர் விரித்துத் திறந்தாற்போல அனுப்புங்க" என்று சொல்லுங்கள். சூடு கொஞ்சம் குறையும், மொறுமொறுப்பு இருக்கும். சட்னி, சாம்பார் சூட்டில் அது தெரியாது.

பொங்கல் பாத்திரத்தில் இருக்க இருக்க அரிசியும் பருப்பும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். இலையில் பரிமாறும் பதத்தில் செய்து வெளியே அனுப்பினால் கட்டியாகத்தான் போகும். நாங்கள் வெளி ஆர்டருக்கு, பார்த்தால் கஞ்சியோ என்று தோன்றுகிற அளவுக்குத் தளர்வாக இறக்குவோம். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் கால் லிட்டர் உருக்கின நெய்யும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பரிமாறும் முன் ஊற்றிக் கிளறினால் உயிர் வந்துவிடும்.

காபியைக் கலந்து அனுப்பச் சொல்லவே சொல்லாதீர்கள். கேனில் ஒரு மணி நேரம் நின்ற காபியைக் குடித்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். பால் தனி, டிகாக்ஷன் தனி, சர்க்கரை தனி. ஆளுக்கு 100 மில்லி என்றால் 80 பேருக்கு எட்டு லிட்டர் என்று கணக்கு வரும். பத்தாகச் சொல்லுங்கள், காபிக்கு மட்டும் எல்லோரும் இரண்டாவது முறை வருவார்கள். தேங்காய்ச் சட்னியை முதல் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். லேட்டாக வருகிறவர்களுக்குக் காரச் சட்னி போதும்.

தோசை கேட்பவர்களும் உண்டு. பார்சல் தோசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கிண்டி, கணக்குப் பிரிவு

சாப்பாட்டைப் பற்றி நான் என்ன சொல்ல, எனக்கு வருவது பில் மட்டும்தான். போன மாதம் ஒரு டிபன் ஆர்டர் பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். அவுட்டோர் கேட்டரிங் சார், அப்படித்தான் என்றார்கள். அது பழைய கதை. 2019 அக்டோபர் 1 முதல் சாதாரண ஹோட்டல்கள் செய்யும் கேட்டரிங்குக்கு 5 சதவீதம்தான். பெரிய நட்சத்திர ஹோட்டல் வளாகம் என்றால் கணக்கு வேறு. இரண்டு நாள் பேசியபின் மாற்றிக் கொடுத்தார்கள். கொட்டேஷன் வாங்கும்போதே வரி, டெலிவரி, பாத்திரத்துக்கான டெபாசிட் எல்லாம் சேர்த்துக் கடைசி ரூபாய் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பாத்திரம் எடுக்க வருகிறவரிடம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்குங்கள். ஒரு சாம்பார் கரண்டிக்காக எனக்கு ஆறு மெயில் வந்திருக்கிறது.

கோவை, ஹெச்.ஆர்.

எங்களுக்குத் தகராறு தலைக்கணக்கில்தான். திங்கட்கிழமை 60 பேருக்குச் சொன்னோம், 44 பேர் வந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை. மீந்த இட்லியை ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் எடுத்துப் போனார்கள், மறுநாள் அவர்கள் கொண்டுவந்த இட்லி உப்புமா ஹோட்டல் இட்லியைவிட நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம். இப்போதெல்லாம் இட்லி, வடையை மட்டும் வருகிறவர்கள் கணக்குக்குச் சொல்கிறேன். பொங்கலையும் கேசரியையும் கொஞ்சம் முன்னே பின்னே நீட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒரு தடவை சாம்பாரை ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரில் நூல் சுற்றிக் கட்டி அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே அந்தக் கவருக்குத் தடை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். 44 முடிச்சையும் அவிழ்ப்பது யார்? எங்கள் டெலிவரி ஹெட் பொறுமையிழந்து பல்லால் கடித்தார். பத்து மணிக்கு கிளையன்ட் மீட்டிங், வெள்ளைச் சட்டை. மீட்டிங் முழுக்க லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து தூக்கில்தான் சாம்பார், பாக்குமட்டைத் தட்டு என்று ஆர்டரிலேயே எழுதிவிடுகிறேன்.

சோழிங்கநல்லூர், அட்மின் வேலை

பொங்கல் விழா நேற்று முடிந்தது. அதே ஹோட்டல்தான், ஆனால் வேறு கிளை, ஆபீசிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. வண்டி நம்பர் இரண்டு வாங்கி இரண்டுக்கும் பாஸ் போட்டேன். அண்ணா சொன்னபடி நெய்யும் வெந்நீரும் வந்தன, பொங்கல் இளகிவிட்டது. வடையைக் கூடையில் வைத்துக் கடைசியாக ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்தான். காபி பத்து லிட்டரும் ஒன்பதரைக்குள் காலி.

பைக்குக்குப் பாஸ் போட மறந்துவிட்டேன். அதே சூப்பர்வைசர். கூடையைத் திறந்து காட்டச் சொன்னார், காட்டினான். 80 வடை சொல்லியிருந்தேன், மேலே வந்தது 78. பையனிடம் எதுவும் கேட்கவில்லை.